லெப்டினன்ட் மர்சலின் வாங்கிய அடி

சாந்தோமில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்பவர்கள்தான் அதிகம். அலைச் சத்தம் நாள் முழுக்கக் காதில் விழும். காலை நனைப்பதென்னவோ வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால்தான். எங்கள் தெருவில் பிறந்த மர்சலினும் அப்படித்தான் வளர்ந்தார். அப்பா பவுல்சாமி மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகனுக்கு நீச்சல் தெரியாது, படகேறிப் பழக்கமில்லை, மீனைக் குழம்பில் மட்டுமே சந்தித்தவர். அப்பேர்ப்பட்டவர் பிற்பாடு கடற்படை அதிகாரி ஆனார் என்றால், பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் அப்போது எவ்வளவு இக்கட்டில் இருந்தது என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

1942-இல் அவர் பாரிமுனையில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. கப்பல் கம்பெனி என்றதும் கப்பலைப் பார்ப்பார் என்று எண்ண வேண்டாம். சரக்குச் சீட்டுகளைப் பார்ப்பார். அந்த வருஷம் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. மயிலாப்பூர் வீதிகளில் பூட்டிய வீடுகள்தான் கண்ணில் பட்டன. வாடகையே வேண்டாம், சாயங்காலம் விளக்கேற்றி வைத்தால் போதும் என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சினார்கள். ஊரே உள்நாட்டைப் பார்த்து ஓடிய அந்த மாதத்தில்தான் மர்சலின் கடற்படையில் சேரப் பெயர் கொடுத்தார்.

என்ன தைரியம் என்று தெரு வியந்தது. அவர் மனைவி பியாட்ரிஸ் மட்டும் வியக்கவில்லை. கான்வென்ட் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். தெருவுக்கே அவர் டீச்சர். ஆள் சேர்க்கும் விளம்பரத்தில் வெள்ளைச் சீருடையில் நின்ற அதிகாரியின் படத்தைத் தம் கணவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, தாடையைத் தூக்கி ஒப்பிட்டுப் பார்த்ததை டீச்சர் கண்ணாலேயே கண்டிருந்தார்.

"கடல்ல போகணும், தெரியுமில்ல?" என்று கேட்டார்.

"கணக்கும் சாமானும் பாக்கிற பிரிவு பியாட்ரிஸ். அதெல்லாம் கரையிலதான்."

மர்சலின் சொன்னது பலித்தது. யுத்தம் முடியும்வரை அவர் கடலில் போனது ஒரே ஒரு தடவை, பம்பாயிலிருந்து கராச்சிக்கு. அந்தப் பயணத்தில் அவர் கண்ட கடல், ஒரு வாளியின் விளிம்புக்கு அப்பால் தெரிந்த அளவுதான். திரும்பி வர ரயில் பாஸ் வாங்கிக்கொண்டார். ஆனால் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வெள்ளைச் சீருடையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனார். அதுவரை அவர் குடும்பம் தூணுக்குப் பின்னால் மண்டியிடுவது வழக்கம். இப்போது முதல் வரிசையில் இடம் கிடைத்தது. சாமியார் நற்கருணை கொடுக்கும்போதுகூட சீருடையில் துகள் விழாமல் பார்த்துக்கொண்டாராம்.

பம்பாயில் ஒரு முகாமில் மாலுமிகளின் சாப்பாட்டுச் சாமான்களுக்கு அவர் பொறுப்பு. மூட்டைகள் வரும், கான்ட்ராக்டர் சலாம் போடுவார், லெப்டினன்ட் மர்சலின் கையெழுத்துப் போடுவார். மூட்டையைத் திறந்து பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. இருந்திருந்தால் அவர் அதையும் செய்திருப்பார், ஏனென்றால் அவர் வழக்கத்தை மீறாத மனிதர். அவர் கையெழுத்துப் போட்ட பருப்பில் பாதி பருப்பு, மீதி கல்.

1946 பிப்ரவரியில் மாலுமிகள் பொறுமை இழந்தார்கள். கப்பல் கப்பலாகக் கலகம் பரவிய கதை எல்லோருக்கும் தெரியும். அன்று காலை அந்த முகாமில் சாப்பிட மாட்டோம் என்று மாலுமிகள் தட்டைத் தள்ளியபோது, வெள்ளைக்கார அதிகாரிகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "நீ அவங்க ஊர்க்காரன், போய்ப் பேசு" என்று மர்சலினை அனுப்பினார்கள். அவரும் போனார். தொண்டையைக் கனைத்தார். "கல் என்பது பருப்போடு இயற்கையாக..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அந்த வாக்கியம் முடியவில்லை. பருப்போடு ஒரு அலுமினியத் தட்டு பறந்து வந்து அவருடைய இடது புருவத்துக்கு மேலே இறங்கியது.

கலகம் நடந்த நாட்கள் முழுக்க அவர் தலையில் கட்டோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தார். வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு விசாரணை வைத்து, தட்டு எறிந்தவன் யார் என்று கேட்டார்கள். "தெரியாது, கண்ணில் பருப்பு இருந்தது" என்றார். அது சத்தியமான உண்மை. சந்தேகத்தின் பேரிலேயே ஒரு கூட்டத்தைச் சீருடையைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதத்தில் மர்சலினையும் அனுப்பினார்கள். யுத்தம் முடிந்த பிறகு பருப்புக்குக் கையெழுத்துப் போட அத்தனை பேர் தேவையில்லை.

புருவத்தின் மேல் கோணலாக ஆறிய தழும்போடு அவர் சாந்தோம் வந்து இறங்கினார். வந்த வாரமே அவரைத் தேடிக்கொண்டு வந்தார் கணேசமூர்த்தி.

கணேசமூர்த்தி மயிலாப்பூர் வக்கீல். கேஸ் கிடையாது, அதனால் கட்சியின் வட்டாரக் காரியதரிசி. நாற்பத்திரண்டில் அவரும் ஜெயிலுக்குப் போயிருப்பார். ஆனால் ஜப்பான்காரனுக்குப் பயந்து கும்பகோணத்துக்குப் போய்விட்டதால் போலீஸுக்கு விலாசம் கிடைக்கவில்லை. அவருடைய பெரிய குறை, எங்கள் நகரசபை டிவிஷனில் கட்சிக்கு ஒரு தியாகி இல்லை என்பது. பக்கத்து டிவிஷன்களில் தடியடி பட்டவர்கள், கடுங்காவல் கண்டவர்கள் என்று வரிசையாக இருந்தார்கள். எங்கள் டிவிஷனில் ஜெயிலை உள்ளே பார்த்தவர் ஓய்வுபெற்ற ஜெயிலர் ஒருவர்தான்.

"நெத்தியில என்ன சார் அது?" என்றார் கணேசமூர்த்தி.

"பம்பாய் ரகளையில பட்டது."

"யார் அடிச்சா? துரைமாரா?"

மர்சலின் இருமினார்.

"சொல்ல வேண்டாம். உங்க கண்ணே சொல்றது" என்று கணேசமூர்த்தி எழுந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம். "பசித்த இந்திய மாலுமிகளின் முன்னால் நின்று, நெற்றியில் ரத்தம் சிந்திய வீரர்" என்று கணேசமூர்த்தி முழங்கினார். யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்தவர் எழுந்து துப்பாக்கிக் கட்டையைச் சேர்த்தார். அதற்கடுத்தவர் அதைப் பிடித்திருந்த வெள்ளைக்காரனைச் சேர்த்தார். மர்சலின் குனிந்து மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்று சபை உருகியது.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் கேட்டார்: "ஏன் வாயைத் திறக்கல?"

"அவங்க பேசிட்டிருக்கும்போது நடுவில எப்படி..."

"பேசி முடிச்சப்புறம்?"

"மாலை போட்டுட்டாங்களே பியாட்ரிஸ்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். வந்த பொய்க்கு நாற்காலி போட்டார், அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாரா என்பது அவருக்கும் சாமியாருக்கும் மட்டுமே தெரியும்; ஆனால் அந்த வருஷம் முதல் அவர் மண்டியிட்டு எழுந்து வர வழக்கத்தைவிட நேரமானதை நாங்கள் எல்லோரும் கவனித்தோம்.

சுதந்திரம் வந்தது. அடுத்த வருஷம் நகரசபைத் தேர்தல் வந்தது. சாந்தோம், மந்தைவெளி, அபிராமபுரம், அதற்குத் தெற்கே அடையாற்றங்கரைக் குடிசைகள் எல்லாம் சேர்ந்தது எங்கள் டிவிஷன். கட்சி வேட்பாளர் லெப்டினன்ட் மர்சலின். வெள்ளைச் சீருடையை மடித்துவைத்துவிட்டு வெள்ளைக் கதர் போட்டுக்கொண்டார். அவர் கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று டீச்சர் சொன்னார்.

சுவரெல்லாம் நோட்டீஸ். 'வெள்ளையன் துப்பாக்கிக் கட்டையால் பிளந்த நெற்றி! உங்கள் ஓட்டு அந்த நெற்றிக்கே!' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எதிர்த்து நின்ற மருந்துக் கடைக்காரருக்குப் பாவம், உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மர்சலினும் டீச்சரும் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். திடமான உடம்பு, தோளில் விறகுச் சிராய்.

"சலாம் சார். என்னத் தெர்தா?"

மர்சலினுக்குத் தெரியவில்லை.

"ஸ்டோக்கர் தங்கவேலு, கப்பல் பாய்லருக்குக் கரி வாரிப் போட்டவன். பம்பாய் காம்பு. இப்ப மந்தவெளியில வெறகுத் தொட்டில வெறகு பொளந்துக்கினு கீறேன், வூடு ஆத்தோரம்." பிறகு அவர் நெற்றியைக் கையால் காட்டினான். "அது நான் அட்ச்ச அடி சார்."

மர்சலின் கையிலிருந்த இட்லி தட்டில் விழுந்தது. "மெதுவா பேசுப்பா."

"இன்னாத்துக்கு மெதுவா? தொட்டி சொவுத்துல ஒட்டிக்கீறாங்க, வெள்ளக்காரன் கட்டையால அட்ச்சான்னு. எந்த வெள்ளக்காரன் சார்? அவனுங்கோ கதவ சாத்திக்கினு உள்ள குந்திக்கினு இருந்தானுங்க. நான் எய்ந்து நின்னு, தட்ட எட்த்து, குறி பாத்து அட்ச்சேன். அதுக்குத்தான் வேலயே போச்சி. இப்ப பாத்தா அடி ஒங்குளுது, அட்ச்சது வெள்ளக்காரன். நான் எங்க சார் கீறேன் இதுல?"

டீச்சர்தான் கேட்டார்: "குறி பாத்தா அடிச்சீங்க?"

"பாத்துத்தாம்மா."

"கொஞ்சம் கீழ பாத்திருக்கலாம். வாயில பட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. உள்ள வாங்க, இட்லி இருக்கு."

தங்கவேல் கூச்சத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தான். நான்கு இட்லிக்குப் பிறகு குரல் கொஞ்சம் தணிந்தது. "நீங்க என்னக் காட்டிக் குடுக்கல சார். அது ஒண்ணு கீது. அதனாலதான் நேரா இங்க வந்தேன், கூட்டத்துக்குப் போவல" என்றான்.

கண்ணில் பருப்பு இருந்தது என்று சொல்ல மர்சலின் வாயெடுத்தார். டீச்சர் அவருக்கு இன்னொரு இட்லி வைத்தார்.

தங்கவேல் சாப்பிட்டு முடிப்பதற்குள் விஷயம் கணேசமூர்த்திக்குப் போனது. அவர் ரிக்‌ஷாவில் பறந்து வந்தார். முதலில் தங்கவேலுக்கு நகரசபையில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். பிறகு அடிபட்டு விழுந்த லெப்டினன்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய மாலுமி என்று மேடையில் ஏற்றுவதாகச் சொன்னார்.

"தூக்கிக்கினு ஓடல சார். அட்ச்சேன். அத்தச் சொல்லுங்க, போதும்."

"இந்தாப்பா, நாட்டுக்காக அவாவா உயிரையே விட்டிருக்கா. நீ ஒரு தட்டை விட்டுக் கொடுக்கப்படாதா?"

தங்கவேல் கை கழுவிக்கொண்டு எழுந்தான். டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டான். மற்ற இருவரையும் பார்க்காமல் போய்விட்டான்.

கடைசிக் கூட்டம் மந்தைவெளி மைதானத்தில், சாயங்காலம். தேர்தல் கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்பதை நான் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டு வரியோ கொழுத்த வாடகையோ கட்டுகிறவர்களுக்குத்தான் நகரசபை ஓட்டு. அவர்கள் அபிராமபுரத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்தார்கள். மைதானத்தில் மண்ணில் உட்கார்ந்து கேட்டவர்கள் ஆற்றங்கரைக் குடிசைக்காரர்கள். ஓட்டு இல்லை, ஆனால் மைக் செட், பாட்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் பெரிய மனிதர்கள் எல்லாம் டிக்கெட் இல்லாமல் வேறு எங்கே கிடைக்கும்? முன் வரிசையில் எப்போதும்போல முத்தம்மா இருந்தாள். கூடையில் கீரை விற்கிறவள். அந்தக் குடிசைப் பக்கத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

கணேசமூர்த்தி பேசிக்கொண்டிருந்தார். அன்று துப்பாக்கிக் கட்டையில் பித்தளைப் பூண் வேறு முளைத்திருந்தது. அந்தப் பூண் நெற்றியில் இறங்கும் இடத்தில் தங்கவேல் மேடை மேல் ஏறினான்.

"பொய்யி! அவர அட்ச்சது நானு! பருப்புல கல்லு இருந்திச்சி, தட்டால அட்ச்சேன்!"

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு, "மருந்துக் கடைக்காரன் ஆளுடா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். தொண்டர்கள் நாலைந்து பேர் பாய்ந்தார்கள். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அது தோளோடு கிழிந்தது. இன்னொருவன் கொடிக் கம்பை ஓங்கினான்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று பிற்காலத்தில் மர்சலினைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரிதாக எதுவும் சொல்ல மாட்டார். "அவன நம்ம வீட்டுல உக்காத்தி வெச்சு இட்லி போட்டாச்சு. மேடையில உதை வாங்கினா பியாட்ரிஸ் என்னைச் சும்மா விடுவாளா?" என்பார்.

எப்படியோ, நாற்காலியை விட்டு எழுந்தார். கணேசமூர்த்தியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"விடுங்க அவரை. அவர் சொல்றது நிஜம். வெள்ளைக்காரன் யாரும் என்னை அடிக்கல. அடிச்சது இவர்தான். அந்தப் பருப்புக்குக் கையெழுத்துப் போட்டது நான்."

கொடிக் கம்பு அந்தரத்தில் நின்றது. மைக் செட் கொய்ங் என்று ஊதியது. முன் வரிசையிலிருந்து முத்தம்மா எழுந்தாள்.

"கல்லுன்னு தெர்ஞ்சா வாங்கின நைனா?"

"தெரியாதும்மா. நான் பாக்கல."

"துட்டு வாங்கிக்கினியா?"

"இல்ல."

"துட்டும் வாங்காத, மூட்டையும் பாக்காத, எதுக்குக் கையெய்த்துப் போட்ட?"

மர்சலின் கொஞ்சம் யோசித்தார். "போடச் சொன்னாங்க" என்றார்.

முத்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "தே, கேட்டுக்கங்க! போடச் சொன்னாங்களாம், போட்டானாம்! இவன் கவுன்சிலர் ஆவறதுக்குன்னே பொறந்தவன்!"

மைதானமே சிரித்தது. மர்சலினும் சிரித்துவிட்டார். தங்கவேல் கிழிந்த சட்டையோடு மேடை நுனியில் நின்று, "குறி பாத்து அட்ச்சேன்!" என்று எல்லோருக்கும் இன்னொரு தடவை அறிவித்தான். கணேசமூர்த்தி மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவு மர்சலின் குறட்டை விட்டுத் தூங்கியதாக டீச்சர் சொன்னார். எல்லாம் முடிந்துவிட்டது, பழைய கப்பல் கம்பெனியில் போய்க் கேட்க வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

உண்மை பேசினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. பத்திரிகை நிருபர் கூட்டம் ஆரம்பித்ததுமே நோட்டீஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மறுநாள் பத்திரிகையில், 'வேட்பாளர் தம் கடற்படை அனுபவங்களை உருக்கமாக விவரித்தார்' என்று வந்தது. உண்மையைக் கேட்டுச் சிரித்து மன்னித்தவர்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இருந்தவர்கள் எதையும் கேட்கவில்லை. அவர்கள் தேர்தலன்று சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கட்சியின் நிறம் பூசிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு மத்தியானத் தூக்கத்துக்குத் திரும்பினார்கள். லெப்டினன்ட் மர்சலின் அமோகமாக ஜெயித்தார். மருந்துக் கடைக்காரர் காப்புத்தொகையை இழந்தார்.

ஊர்வலத்தில் கணேசமூர்த்தி அவர் காதில் சொன்னார்: "நீங்க என்ன பேசினாலும் ஜெயிச்சிருப்பேள். இனிமே பேசாதேள்."

கவுன்சிலரான பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மர்சலினுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. சீருடையில் பிடித்ததுபோல் இல்லை. அது வேறு மாதிரி. காலையில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சாக்கடை அடைத்தால் அடைப்பைக் கண்ணால் பார்ப்பார். குப்பை வண்டி வரவில்லை என்றால் வரும்வரை தெருமுனையில் நிற்பார். எஞ்சினீயர் நீட்டுவது எதுவானாலும் கையெழுத்துப் போடுமுன் "வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்பார். நகரசபை அலுவலகத்தில் அவரைக் கண்டால் குமாஸ்தாக்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். உறுப்பினர்கள் மூட்டையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தால் நிர்வாகம் எப்படி நடக்கும் என்று பெரியவர்கள் கவலைப்பட்டார்கள்.

தங்கவேல் வாரம் ஒருமுறை வருவான். அடித்தவன், அடிபட்டவர் என்ற பந்தம் சாதாரணமானதா? டீச்சர் கையால் சாப்பிட்டுவிட்டு, ஆற்றங்கரையில் என்னென்ன கோளாறு என்று சொல்லிவிட்டுப் போவான். மர்சலின் அலையாய் அலைந்து அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் போட வைத்தார். போட்ட ஆறே மாதத்தில், அந்தக் குடிசைகளை அகற்றி வீட்டு மனைகளாகப் பிரிக்க வேண்டும் என்று சபையில் தீர்மானம் வந்தது. ஆற்றுக் காற்று வரும் இடம், கண்ணியமான குடும்பங்கள் குடியேறக் காத்திருக்கின்றன என்று தீர்மானத்தில் இருந்தது. குடிசைக்காரர்களுக்கு சைதாப்பேட்டைக்கு அப்பால் மாற்று இடம்.

கணேசமூர்த்தி வீட்டுக்கு வந்தார். "கட்சித் தீர்மானம். கையைத் தூக்கினாப் போறும்."

"மாத்து இடத்தைப் பாத்தாச்சா?"

"நீங்க எதுக்குப் பாக்கணும்? அங்க போறது அவாதானே?"

மர்சலின் மறுநாளே தங்கவேலையும் முத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ் நின்ற இடத்திலிருந்து வெயிலில் வெகுதூரம் நடந்தார்கள். கருவேலங்காடு, நடுவில் ஒரு பாழ்கிணறு. முத்தம்மா கிணற்றில் எட்டிப் பார்த்தாள்.

"இங்கிருந்து மயிலாப்பூருக்குக் கீரக் கூடய எப்பிடி நைனா தூக்கியாறது? நான் போய்ச் சேர்றதுக்குள்ள கீரையே கெயவியாப் பூடும்."

மர்சலினும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார், தண்ணீர் இல்லை. அன்று இரவு சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு டீச்சரிடம் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கு பியாட்ரிஸ். எதிர்த்துக் கை தூக்கினா கட்சியில இருக்க விடமாட்டாங்க."

"கப்பல்லகூட நீங்க இருந்ததில்லயே. கட்சியில இல்லாட்டி என்ன?" என்றார் டீச்சர்.

தீர்மானம் ஓட்டுக்கு வந்த நாளில் ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். சபை முழுக்கக் கை. எதிர்ப்பவர்கள் என்று தலைவர் சடங்குக்குக் கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாளைப் புரட்டியபோது, ஒரு கை உயர்ந்தது. அது மர்சலினுடைய கை. "ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று தலைவர் கேட்டார்.

"அங்க தண்ணி இல்ல. பஸ் இல்ல. நான் போய்ப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மர்சலின் உட்கார்ந்தார்.

சபையில் அதற்கு மறுப்பு யாரும் சொல்லவில்லை. மறுக்க வேண்டிய அவசியம் இல்லை, தீர்மானம் நிறைவேறிவிட்டது. மழைக்கு முன்னால் லாரிகள் வந்து குடிசைகளின் கீற்றையும் மூங்கிலையும் அள்ளிக்கொண்டு போயின. குழாய் மட்டும் அங்கேயே நின்றது. புது மனைக்காரர்கள் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட அது வசதியாக இருந்தது. கட்சி மர்சலினை நீக்கியது. அவர் பதவிக் காலம் முடிந்தபோது யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. கணேசமூர்த்தியே நின்றார், ஜெயித்தார். ஒரு காயமும் இல்லாமல் ஜெயிக்க முடியும் என்பதை அதற்குள் கட்சி கண்டுபிடித்திருந்தது.

மர்சலின் பழைய கப்பல் கம்பெனியில் போய்க் கேட்டார். அவருடைய மேஜையில் வேறு ஒரு இளைஞன் இருந்தான். அவனுக்குக் கீழே ஒரு மேஜை கொடுத்தார்கள். தங்கவேலுக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் ஜெனரேட்டர் ஓட்டும் வேலை கிடைத்தது. அவன் அதற்கு யாருடைய சிபாரிசையும் கேட்கவில்லை. முதல் சம்பளத்தில் டீச்சருக்கு ஒரு டஜன் மாம்பழம் வாங்கிவந்தான். மர்சலினுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

1952 முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் முத்தம்மா கூடையோடு மர்சலின் வீட்டுப் படியேறினாள். அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் கால் வீங்கியிருந்தது. கூடையில் கீரை வதங்கிப்போயிருந்தது.

"நைனா, எங்க பக்கம் பஸ்ஸு எப்போ வரும்?"

"நான் இப்ப கவுன்சிலர் இல்ல முத்தம்மா. அதுவும் இல்லாம அது வேற டிவிஷன். நீ அங்க யாரு கவுன்சிலரோ அவரைத்தான்..."

"அத்த ஆரு கேட்டாங்க ஒன்ன? பஸ்ஸு வருமா, வராதா?"

டீச்சர் அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். மர்சலின் செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, பஸ் கம்பெனி முதலாளியைப் பார்க்கக் கிளம்பினார். அன்று முதலாளியைப் பார்க்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை போனார். அதற்கடுத்ததும் போனார். மூன்றாம் மாதத்தில், இந்த ஆளைத் தொலைத்தால் போதும் என்று முதலாளி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பஸ் விடச் சம்மதித்தார்.

முதல் பஸ்ஸுக்கு மாலை போட்டவர் கணேசமூர்த்தி. மர்சலினை யாரும் அழைக்கவில்லை. அவரும் அன்று ஆபீசுக்கு லீவு போடவில்லை.